புதைகுழிக் கலங்கள் எல்லாம் படையல்தாமா?

நீண்ட பதிவு. தொல்லியல் பயிலும் மாணவர்களையும், அகழ்வுக் களத்தில் என்னோடு மண் சுமந்த நண்பர்களையும் மனத்தில் வைத்து எழுதியது, பிறரும் படிக்கலாம்.

சென்ற மாதம் இளைய ஆய்வாளர் ஒருவர் தம் ஆய்வேட்டின் ஓர் இயலை அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தார். செப்புக்காலப் புதைகுழிகளைப் பற்றிய இயல். உழைப்பில் குறை சொல்ல இடமில்லை. குழியின் நீளம், அகலம், ஆழம், தலை கிடந்த திசை, எலும்புகளின் நிலை, வயது, பால் என ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல். கடைசி நிரலின் தலைப்பு ‘படையற்பொருள்கள்’. அதன்கீழ்க் கிண்ணம் மூன்று, கெண்டி ஒன்று, பானை இரண்டு என்று எண்ணிக்கை. ‘இவை படையல் என்பதை எவ்வாறு அறிந்தீர்கள்?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினேன். மறுநாள் வந்த விடை நேர்மையானது: ‘எல்லா அறிக்கைகளிலும் அப்படித்தான் இருக்கிறது, அக்கா.’

அவர்மீது எனக்குக் குறையில்லை. என்னுடைய ஆய்வேட்டிலும் அதே நிரல் அதே தலைப்பில் இருக்கிறது. அந்த விடை சில நாள்களாக மனத்தை விட்டு அகலவில்லை என்பதனாலேயே இதை எழுதுகிறேன்.

நம் நாட்டுத் தொல்லியலில், புதைகுழிக்குள் உடலோடு கிடைக்கும் மட்கலம் மண்ணைவிட்டு எடுக்கப்படும் கணத்திலேயே படையலாகிவிடுகிறது. களக்குறிப்பேட்டில் அப்பெயர் ஏறுகிறது. அங்கிருந்து அறிக்கைக்குச் செல்கிறது. அறிக்கையின் இறுதியில் ‘சமயமும் நம்பிக்கைகளும்’ என்றொரு சிறு இயல் இருக்கும். அங்கே ‘இறந்தவருக்குக் கலங்களில் உணவும் நீரும் படைத்தனர், ஆகவே மறுமையில் நம்பிக்கை கொண்டிருந்தனர்’ என்றொரு வாக்கியமாக முதிர்கிறது. பாடநூலுக்கு வரும்போது ‘ஆகவே’ உதிர்ந்து, நம்பிக்கை மட்டும் உண்மையாக நிற்கிறது. இத்தனை தொலைவு நடந்த அவ்வாக்கியத்தின் அடியில் இருப்பது என்ன? எவரோ ஒருவர் வெயிலில் குந்தியிருந்து, குறிப்பேட்டில் வழக்கப்படி நிரப்பிய ஒரு சொல்.

சாவுச் சடங்கில் மட்கலம் என்னென்ன வேலை செய்யக்கூடும் என்பதற்கு நாம் வெகுதொலைவு போக வேண்டியதில்லை. நம் ஊர்ச் சுடுகாட்டில் கொள்ளி வைப்பவர் நீர்க்குடத்தைத் தோளில் ஏந்தி உடலைச் சுற்றி வருவதைக் கண்டிருக்கிறோம். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு துளை இடப்படும். முடிவில் குடம் முதுகுக்குப் பின்னால் விழுந்து உடையும். கொள்ளிக்குடத்தின் அவ்வோடுகள் உடலின் அருகிலேயே மண்ணுள் புதைந்து, மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பின் எவரேனும் அகழ்ந்தெடுத்தால் எப்படிப் பதிவார்கள்? ‘படையற்பொருள்: துளையுள்ள குடம், உடைந்த நிலையில், ஒன்று.’ அக்குடம் எவருக்கும் கொடுக்கப்பட்டதன்று. அது உடைவதற்கென்றே வந்தது. சாவு நிகழ்ந்த வீட்டில் புழங்கிய மண்பாண்டங்களைத் தீட்டென்று வெளியே கழித்துவிடும் வழக்கமும் நம் முந்தைய தலைமுறையினர் அறிந்ததே. அவையும் குழியருகே போய்ச் சேர்ந்திருந்தால் நம் நிரலில் படையலாகவே எண்ணப்பட்டிருக்கும்.

இன்றைய வழக்கத்தை எடுத்துக் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் மீது போர்த்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்பிழைக்கு நம் துறையில் முன்னோடிகள் நிறையவே உண்டு. நான் சொல்வது இவ்வளவே: உடலைத் தாங்கும் கூடு, சடங்கை நடத்தும் கருவி, இறந்தவரின் உடைமை, இருந்தவர்கள் உண்டு முடித்த விருந்தின் எச்சம், சாவு தொட்டதனால் கைவிடப்பட்ட பாண்டம், இறந்தவருக்கென வைத்த உணவு. ஒரு கலம் இவற்றுள் எதுவாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னது மட்டுமே படையல். ஐந்தைத் தள்ளிவிட்டு ஒன்றைத் தேர்ந்துகொள்ள நமக்குச் சான்று வேண்டும்.

இனாம்காவ் இதற்குத் தக்க இடம். புனே மாவட்டத்தில், பீமாவின் துணையாறான கோட் ஆற்றங்கரையில் உள்ள இவ்வூரை 1968 முதல் 1983 வரை டெக்கான் கல்லூரியினர் அகழ்ந்தனர். சங்காலியா, தவளிக்கர், அன்சாரி ஆகிய மூவரும் எழுதிய அறிக்கை 1988-இல் வெளிவந்தது. ஏறத்தாழக் கி.மு. 1600 முதல் கி.மு. 700 வரை, மாள்வா, முன்ஜோர்வே, பின்ஜோர்வே எனும் மூன்று கட்டங்களில் தொடர்ந்து உழவர்கள் வாழ்ந்த ஊர் அது. 200-க்கும் மேற்பட்ட புதைவுகள் கிடைத்தன, பெரும்பாலானவை குழந்தைகளுடையவை. தனியான இடுகாடு இல்லை. வீட்டின் தரைக்குக் கீழும் முற்றத்திலும் புதைத்திருக்கிறார்கள். அடுப்பெரிந்த, தானியம் இடித்த, மற்றக் குழந்தைகள் தவழ்ந்த அதே தரை.

குழந்தையைப் புதைத்த முறை இது. சாம்பல்நிறத் தாழிகள் இரண்டை வாயோடு வாய் பொருத்திக் கிடைமட்டமாகக் குழியில் கிடத்துவார்கள். உடல் அவற்றுக்குள் இருக்கும். தாழிகளின் அருகே செந்நிற மேற்பரப்பில் கருங்கோடுகள் தீட்டிய, சக்கரத்தில் வனைந்து நன்கு சுட்ட ஜோர்வே கலங்கள் காணப்படும். பெரும்பாலும் வயிற்றில் மடிப்புள்ள கிண்ணம், நீண்ட மூக்குடைய கெண்டி ஆகியவை.

இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். ஒரே குழியில் இருவகை மட்கலங்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே வேலையைச் செய்யவில்லை. தாழி குழந்தைக்குக் கொடுத்த பொருளன்று, அதன் உறையுள். ஆயினும் சில தொகுப்புகளில் தாழியையும் சேர்த்தே ‘புதைகுழிக் கலங்களின் எண்ணிக்கை’ சொல்லப்படுகிறது. மற்ற இரண்டு? பிறந்து சில மாதங்களே ஆன குழந்தை கிண்ணத்தில் உண்ணாது. கெண்டியைக் கையில் ஏந்தாது. பெரியவர்களின் உண்கலமும் நீர்க்கலமும் அக்குழந்தையின் அருகில் ஏன் வந்தன? அதன் வயதுக்கு மீறிய வாழ்வொன்றை அதற்கு வழங்கினார்களா? பாலோ நீரோ ஊற்றும் ஒரு செயலுக்குக் கெண்டி தேவைப்பட்டு, செயல் முடிந்ததும் அங்கேயே விடப்பட்டதா? தாயின் கிண்ணமா? மூன்று விடைகளும் முற்றிலும் வேறான மூன்று உலகங்களைக் காட்டுகின்றன. கெண்டியின் மூக்கு எத்திசை நோக்கியிருந்தது, கிண்ணம் நிமிர்ந்திருந்ததா கவிழ்ந்திருந்ததா, அடிப்பகுதி தேய்ந்திருந்ததா, உள்ளே நிறைந்த மண் குழியின் மண்தானா என்பவை தெரிந்தால் மூன்றில் ஒன்றையேனும் தள்ளிவிடலாம். ‘படையல்’ என்று எழுதிவிட்டால் இவற்றுள் எதையும் கேட்க வேண்டியதில்லை. அச்சொல்லின் வசதியே அதுதான்.

அதே ஊரில் இன்னொரு தாழி உண்டு. ஐந்து அறைகள் கொண்ட வீடொன்றின் முற்றத்தில் கிடைத்தது. நான்கு கால்களும் புடைத்த வயிறும் உடைய பெருந்தாழி. சூல்கொண்ட பெண்ணின் உருவை ஒத்தது என்று அகழ்ந்தவர்கள் கருதினர். அதனுள் ஏறத்தாழ 40 வயது ஆண் ஒருவர், கால்களை மடக்கி அமர்ந்த நிலையில். இனாம்காவின் வளர்ந்தோர் பலரைக் கணுக்காலுக்குக் கீழே வெட்டிய பின்னரே புதைத்திருக்கிறார்கள். இவருடைய பாதங்கள் அப்படியே இருந்தன. உடன் கிடைத்த கலங்களுள் ஒன்றில் துடுப்புகளுடன் கூடிய படகு தீட்டப்பட்டிருந்தது. அவர் ஊர்த்தலைவர் என்றும், படகு மறுகரைக்குச் செல்லும் பயணம் என்றும் கூறுவர். தலைவர் என்பதற்கு வீட்டின் பெருமையும் தனித்த புதைவும் துணை நிற்கின்றன, ஏற்கலாம். படகைப் பற்றி நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லத் துணியமாட்டேன். ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள் பானையில் படகு தீட்டுவதற்கு மரணம் ஒன்றே காரணமாக இருக்க வேண்டுமா?

உயிரை ஏற்றிச் செல்லும் ஊர்தியைப் பானையில் தேடுவது நம்மிடையே பழைய நோய். ஹரப்பாவின் ‘எச்’ இடுகாட்டில், மேலடுக்கில், மயில்கள் தீட்டிய பெருந்தாழிகள் கிடைத்தன. உள்ளே முழு உடல் இல்லை. மண்டையோடும் சில எலும்புகளும் மட்டும். சில மயில்களின் உடலுக்குள் சிறு மனித உருவம் இருந்தது. மாதோ சரூப் வத்ஸ் 1940-இல் வெளியிட்ட அறிக்கையில் அவ்வோவியங்களை வேதக் கருத்துகளின் துணையோடு விளக்கினார். மயில் இறந்தவரைச் சுமந்து செல்வதாகக் கொண்டார். வத்ஸின் உழைப்பை மதிக்கிறேன். அவர் இல்லையேல் அவ்விடுகாட்டைப் பற்றி நாம் பேசவே முடியாது. ஆனால் அவ்வாசிப்பு கலத்திலிருந்து தொடங்கவில்லை, நூலிலிருந்து தொடங்கிக் கலத்தில் வந்து முடிந்தது. எலும்புகள் எங்கே, எப்படித் தசை நீங்கின, எவ்வளவு காலம் கழித்துத் தாழிக்குள் வந்தன என்ற வினாக்கள் மயிலின் நிழலில் மறைந்துபோயின.

காலிபங்கன் இன்னும் கடினமான வழக்கு. ராஜஸ்தானின் ஹனுமான்கட் மாவட்டத்தில் உள்ள இத்தலத்தை 1960-களில் லால், தாப்பர் ஆகியோர் தலைமையில் அகழ்ந்தனர். அங்கே மூவகைப் புதைவுகள். முதல்வகையில் உடல் நீட்டிக் கிடத்தப்பட்டு, பக்கத்தில் கலங்கள் இருந்தன. இரண்டாம் வகை வட்டக்குழி: நடுவே ஒரு தாழி, சுற்றிலும் சிறு கலங்கள், எலும்பே இல்லை. மூன்றாவது நீள்குழி, அதிலும் கலங்கள் உண்டு, உடல் இல்லை. பின்னிரண்டையும் நினைவுப் புதைவு என்று அழைக்கிறோம். உடலே இல்லாத இடத்தில் ‘இறந்தவருக்குப் படைத்த’ கலம் என்று எப்படிச் சொல்வது? வேறிடத்தில் இறந்தவரின் பதிலியாகக் கலமே நின்றதா? அவ்வாறெனில் அங்கே கலம் பெறுபவரின் இடத்தில் இருக்கிறது, பொருளின் இடத்தில் இல்லை. நம் நிரலில் இதற்குக் கட்டமே கிடையாது.

(இடையே ஒரு புலம்பல். காலிபங்கனின் அகழ்வு 1969-இல் முடிந்தது. முழு அறிக்கையின் முதற்பகுதியே 2003-இல்தான் வெளியாயிற்று. இடைப்பட்ட காலத்தில் வளர்ந்த மாணவர் தலைமுறை முழுவதும் சில பக்கக் குறிப்புகளை வைத்தே அவ்விடுகாட்டைக் கற்றது.)

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு சொல். ஹரப்பாவின் ‘ஆர்-37’ இடுகாட்டில் வீலர் 1946-இல் அகழ்ந்த குழிகளில் சராசரியாக 15 முதல் 20 கலங்களும், மிகுதியாக 40 வரையும் இருந்தன. 40 கலம் பெற்றவர் செல்வர், ஐந்து பெற்றவர் எளியவர் என்று கணக்கிடுவது எளிது. 1970-களில் சாக்ஸி, பின்ஃபோர்டு ஆகியோரின் செல்வாக்கால் அக்கணக்கு ஒரு முறையியலாகவே ஆயிற்று. ஆனால் புதைகுழியை நிரப்புபவர் இறந்தவர் அல்லர். 40 கலங்கள் 40 வீட்டார் வந்ததைக் காட்டக்கூடும். ஒரு பெருவிருந்தைக் காட்டக்கூடும். செல்வம் குறைந்து, உறவு மிகுந்த ஒருவரையும் காட்டக்கூடும். அதே இடுகாட்டின் சில குழிகளில் கலங்களை முதலில் அடியில் அடுக்கி, மண்ணிட்டு மூடி, அதன் மேலேயே உடலைக் கிடத்தியிருக்கிறார்கள். உடல் வருமுன்னரே கலங்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டன. எனக்கு இந்த வரிசைமுறை, கலங்களின் எண்ணிக்கையைவிடப் பலமடங்கு பேசுகிறது: ஒரு சடங்கு முடிந்த பின்னரே இன்னொன்று தொடங்கியது; முதலாவதில் இறந்தவர் குழிக்குள் இல்லை. எண்ணிக்கை அட்டவணையில் இவ்வரிசை எங்கே தெரியும்?

பீட்டர் யுக்கோ 1969-இல் எழுதிய கட்டுரையை நம் மாணவர்களுக்கு முதலாண்டிலேயே கொடுக்க வேண்டும் என்பேன். புதைகுழியில் பொருள் இருப்பது மறுமை நம்பிக்கைக்குச் சான்றாகாது, பொருள் இல்லாமை அந்நம்பிக்கை இன்மைக்கும் சான்றாகாது என்பதைப் பல நாட்டு வழக்கங்களைக் கொண்டு அவர் காட்டினார். நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. காஷ்மீரின் புர்ஜஹோமில் புதிய கற்கால மக்கள் மட்கலம் வனைந்தனர், பாயின் தடம் பதிந்த அடியுடைய சாம்பல்நிறக் கலங்கள் அங்கே ஏராளம். ஆயினும் புதைகுழிகளில் பெரும்பாலும் கலங்களை வைக்கவில்லை. விலங்குகளைப் புதைத்திருக்கிறார்கள், நாயையும் புதைத்திருக்கிறார்கள். கலம் வைக்காததால் அவர்கள் இறந்தவரை நினைக்கவில்லை என்று எவரும் எழுதியதில்லை. அந்த எச்சரிக்கை கலம் இருக்கும் இடத்தில் மட்டும் ஏன் நம்மைக் கைவிடுகிறது?

தமிழ் படித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். புறநானூற்றின் 228, 256 ஆம் பாடல்கள் குயவனை விளித்துத் தாழியைப் பற்றிப் பேசுபவை. பின்னதில் ஒரு பெண் தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி கேட்கிறாள். அங்கே தாழி படைக்கப்படவில்லை, வனையச் சொல்லிக் கேட்கப்படுகிறது. குயவனும் அச்சாவில் ஒரு பங்காளியாகிறான். இனாம்காவுக்கும் அப்பாடல்களுக்கும் இடையே பல நூற்றாண்டுகளும் பெருந்தொலைவும் உண்டு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விளக்க முடியாது. ஆனால் ‘இக்கலம் வீட்டிலிருந்து எடுத்து வந்ததா, சாவுக்கென்றே சுடப்பட்டதா?’ எனும் கேள்வியை அவை எனக்குக் கற்பித்தன. இனாம்காவில் குயவரின் சூளையே கிடைத்திருக்கிறது. கேட்டால் விடை தரக்கூடிய ஊர் அது.

இனி, இப்பதிவின் வலிக்கும் பகுதிக்கு வருகிறேன்.

என் முதல் அகழ்வுப் பருவத்தில் ஒரு புதைகுழியிலிருந்து எடுத்த கலங்களைக் கழுவும் பணி எனக்குக் கிடைத்தது. பெருமையாக இருந்தது. வாளி நீரும் நார்த் தூரிகையும் கொடுத்தார்கள். உள்ளே இறுகியிருந்த மண்ணைக் குச்சியால் குடைந்து கொட்டிவிட்டு ஒவ்வொன்றாய்த் தேய்த்தேன். ஒரு சிறு பானையின் அடியில் கருமை படிந்திருந்தது. அழுக்கென்று எண்ணி நெடுநேரம் தேய்த்தேன். போகாத வெண்படிவத்தை நீர்த்த அமிலத்தில் நனைத்து நீக்கினார்கள். மாலையில் வரிசையாய்க் காயவைத்தபோது எல்லாம் புதுக்கலங்கள் போல் மின்னின, நிழற்படம் எடுத்துக்கொண்டோம். அக்கருமை அடுப்பின் கரி என்பதையும், அந்தப் பானை புதைகுழிக்கு வருமுன் ஒரு சமையலறையில் இருந்ததற்கு அதுவே ஒரே சான்று என்பதையும் மூன்றாண்டுகள் கழித்துப் பயன்பாட்டுத் தேய்மானம் பற்றிய கட்டுரையொன்றைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். அந்தக் கலத்தைப் பற்றி இனி எவராலும் எதுவும் சொல்ல இயலாது. என் கையெழுத்தில் இருக்கும் பதிவு: ‘சிறுபானை, ஒன்று. படையல்.’

இது என் தனிப்பட்ட குற்றவுணர்வாக நின்றிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். இன்றும் பல களங்களில் இதுவே நடைமுறை. கழுவிய கலம் படம் வரைவதற்கு எளிது. படம் வரைந்தால் வகைப்பாடு கிடைக்கும். வகைப்பாடு கிடைத்தால் காலம் கிடைக்கும். மட்கலத்தைக் கடிகாரமாக மட்டுமே பார்த்துப் பழகிய துறை, அது ஏனமாகவும் இருந்தது என்பதை மறந்துவிட்டது.

ஏனமாகப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஹரியானாவின் ஃபர்மானாவில் கிடைத்த சமையற்கலங்களிலும் மனிதப் பற்களிலும் ஒட்டியிருந்த மாவுச்சத்துத் துகள்களை அருணிமா காஷ்யப்பும் ஸ்டீவ் வெபரும் ஆராய்ந்து, இஞ்சியும் மஞ்சளும் சமையலில் இருந்ததை 2010-இல் வெளியிட்டனர். அக்‌ஷ்யேதா சூர்யநாராயணும் உடன் ஆய்வாளர்களும் வடமேற்கு இந்தியச் சிந்துவெளித் தலங்களின் 172 பானை ஓடுகளில் ஊறியிருந்த கொழுப்பைப் பகுத்து 2021-இல் எழுதினர். பன்றி போன்ற அசைபோடா விலங்குகளின் கொழுப்பை ஒத்த எச்சம் அவற்றில் மிகுந்திருந்தது. அத்தலங்களின் எலும்புகளிலோ பன்றியின் பங்கு சிறிது. இம்முரண்பாட்டை அவர்கள் மறைக்காமல் விவாதித்ததே அக்கட்டுரையின் சிறப்பு. இவை பெரும்பாலும் குடியிருப்புப் பானைகள். இதே கேள்வியைப் புதைகுழிக் கலங்களிடம் பரவலாகக் கேட்கும்போதுதான் ‘உணவு படைத்தனர்’ எனும் நம் பழைய வாக்கியம் முதன்முறையாகச் சோதனைக்கு உள்ளாகும். கிண்ணத்தில் எதுவுமே இல்லையென்று தெரிந்தால் அதுவும் ஒரு விடை: வெறுங்கலமே வைத்தார்கள்.

களிமண்ணுக்குள் ஊறிய கொழுப்பு, நீரில் கழுவினாலும் ஓரளவு எஞ்சும். மேற்பரப்பின் கரியும், மாவுத்துகளும், உள்ளே நிறைந்த மண்ணும் எஞ்சா. ஒட்டுப்பசையும் மெருகெண்ணெயும் நெகிழிப்பையும் நம் கையில் பூசிய களிம்பும் எஞ்சியதையும் குழப்பும்.

2019-இல் ராகிகடியின் பெண்ணொருவரின் மரபணு வெளியானபோது அப்புதைகுழியின் நிழற்படம் நாடு முழுதும் பரவியது. எலும்புக்கூடும் அதனருகே கலங்களும் அப்படத்தில் தெளிவாகத் தெரியும். அவர் யார், எங்கிருந்து வந்தவர், எவருடைய மூதாதை என்று ஊடகங்களில் மாதக்கணக்கில் வாதிட்டோம். கலங்களைப் பற்றி ஒரு கேள்வியும் என் கண்ணில் படவில்லை. சினௌலியிலும் அதுவே நடந்தது: கிடைத்தது தேரா, வண்டியா என்ற பூசலின் தூசியில் பானைகள் மூடுண்டன. மரபணு ஒருவரின் முன்னோரைச் சொல்லும். அவர் இறந்த நாளில் அவரைச் சுற்றி நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அதனால் சொல்ல இயலாது. அங்கே அதைச் சொல்லக்கூடியவை கலங்கள்தாம்.

நண்பர்கள் சிலரிடம் இதைப் பேசியபோது இருவகை மறுப்பு வந்தது. ஒன்று, ‘படையல்’ என்பது வெறும் மரபுச்சொல், அதற்கு இவ்வளவு பொருள் ஏற்ற வேண்டாம் என்பது. ஏற்றியவர்கள் நாம்தாம், இல்லையேல் அச்சொல்லிலிருந்து மறுமை நம்பிக்கை எப்படி முளைத்தது? மற்றது வலுவான மறுப்பு: ஒரு பருவத்துக்கு அனுமதித்த நாள்களும் பணமும் தோண்டி முடிக்கவே போதவில்லை, கொழுப்பும் மாவும் பகுக்க ஆய்வகம் எங்கே என்பது. ஆய்வகத்தின் பஞ்சம் உண்மை. பல்கலைக்கழகத் துறைகளில் அக்கருவிகள் அரிது, மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவது பெரும்பாடு. ஆனால் நான் கேட்பவற்றுள் பெரும்பகுதிக்கு ஆய்வகம் வேண்டியதில்லை. கலம் நிமிர்ந்திருந்ததா, கவிழ்ந்திருந்ததா, உடலுக்கு மேலா கீழா, முழுதா, உடைந்ததா, உடைந்ததெனில் அங்கேயே உடைந்ததா என்று எழுதக் கரிக்கோல் போதும். உள்மண்ணை ஒரு பிடி எடுத்து வைக்க ஒரு தாள்பொட்டலம் போதும். ஒரு குழியின் கலங்களில் இரண்டையேனும் கழுவாமல் விட எதுவுமே தேவையில்லை. இன்று பகுக்க முடியாததை இருபதாண்டு கழித்து ஒருவர் பகுப்பார்; அவருக்காகத் தூரிகையைக் கீழே வைத்தால் போதும்.

ஒரு குழியின் கலங்களைச் சேர்த்தே வைக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்துவேன். களஞ்சியங்களில் கிண்ணங்கள் ஓர் அடுக்கிலும் கெண்டிகள் வேறோர் அடுக்கிலும் உறங்குவதைப் பார்த்திருக்கிறேன். வகைப்பாட்டுக்கு அது வசதி, புதைகுழிக்கு அது இரண்டாம் சாவு. ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜாகர் எடுத்தவை பெர்லினுக்குப் போயின; பின்னர் ரீ எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. அவ்வளவு தொலைவு போகாமலே, ஒரே கட்டடத்தின் இரு அறைகளுக்குள் ஒரு குழியைச் சிதறடிக்க நம்மால் முடிகிறது.

மேலே சொன்னவற்றை வைத்து இரண்டு பக்கத்தில் ஒரு களப்பதிவுப் படிவம் வரைந்திருக்கிறேன். குறைகள் இருக்கும். பயன்படுத்திப் பார்க்க விரும்புவோர் பின்னூட்டத்தில் சொன்னால் அனுப்புகிறேன். களத்தில் எது நடைமுறைக்கு ஒவ்வவில்லை என்பதைத் திரும்ப எழுதினால் நன்றியுடையவளாவேன்.

இளைய நண்பர் தம் இயலைத் திருத்தி நேற்று மறுபடி அனுப்பினார். கடைசி நிரலின் தலைப்பு இப்போது ‘உடன்கிடைத்த கலங்கள்’. கலத்தின் இடம், நிலை, கரித்தடம், உள்மண் என நான்கு புதிய நிரல்களையும் சேர்த்திருக்கிறார். அவற்றுள் பெரும்பாலான கட்டங்கள் வெறுமையாக உள்ளன. அவர் பயன்படுத்திய பழைய அறிக்கைகளில் அத்தகவலே இல்லை. நெறியாளர் பார்த்தால் முழுமையற்ற அட்டவணை என்பாரே, அந்நிரல்களை நீக்கிவிடட்டுமா என்று கேட்டிருந்தார். வெறுமையாகவே அச்சிடும்படி எழுதியிருக்கிறேன்.